பந்தி நேரத்துக் கிட்டார்

என் இரண்டு காதுகளிலும் ஒரு சில்வண்டு குடியிருக்கிறது. வாடகை தருவதில்லை, காலி செய்யும் எண்ணமும் அதற்கு இல்லை. மெல்லிசைக் குழுவில் ஒலி அமைப்பாளனாக இருந்ததற்குக் கிடைத்த பென்ஷன் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். காது டாக்டர் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டி, "இதுக்கு மேல இருக்கிற சத்தமெல்லாம் உங்களுக்குக் கேக்காது சார்" என்றார். கொசுவின் ரீங்காரம், குக்கரின் முதல் சீறல், என் மனைவி அடுத்த அறையிலிருந்து சொல்லும் வேலைகள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தன. கடைசியாகச் சொன்னது எனக்கு எப்போதுமே கேட்டதில்லை என்பது அவள் கட்சி. காது கேட்காதவன் ஒலி கலக்கும் மிக்சர் முன்னால் உட்காருவது கண் தெரியாதவன் லாரி ஓட்டுவது மாதிரி. நாமக்கல் பக்கம் அதையும் சிலர் செய்திருக்கலாம். நான் ஐம்பத்தாறு வயதில் மரியாதையாக ஓய்வு பெற்றுவிட்டேன்.

சென்ற மாதம் நஸ்ரின் போன் செய்தாள். சேலத்தில் இப்போது பெரிய மண்டபக் கச்சேரிகளுக்கு ஒலி அமைக்கும் பெண். நான் கட்டில் அகலத்துக்கு வைத்திருந்த மிக்சரை அவள் சிலேட்டு அளவு டேப்லெட்டில் வைத்திருக்கிறாள். மண்டபம் முழுக்க நடந்தபடியே விரலால் தடவி ஒலியைக் கூட்டுகிறாள், குறைக்கிறாள். நான் ஒரே நாற்காலியில் காலம் முழுக்க உட்கார்ந்து தொப்பையை மட்டும் கூட்டியவன்.

"அங்கிள், ஆரோக்கியம் சார் கிட்டார் வாசிச்ச பழைய வீடியோ ஒண்ணு பார்த்தேன். என்னா டோன் அது! இப்ப யாரும் ஆம்ப்ளிபயர் எல்லாம் தூக்கிட்டு வர்றதில்ல. கிட்டார் ஒயரை நேரா என்கிட்ட குடுத்துர்றாங்க. எந்த ஆம்ப் வேணுமோ அதை நானே இதுலயே எடுத்துக்கலாம். அவரோட டோனுக்கு என்ன செட்டிங் வெக்கணும்?"

"எருமப்பட்டியில எல்லா விவசாயியும் ஒரே நேரத்துல மோட்டார் போடணும்மா" என்றேன்.

எனக்குக் காது போனது அவளுக்குத் தெரியும். அதோடு நிற்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள். போனில் அவளுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் சில வருடம் சால்டரிங் புகையைச் சுவாசித்தேன். என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான். அந்தக் கடைக்கு ஒருநாள் வாய் கட்டிய ஒரு மைக்கைத் தூக்கிக்கொண்டு ஜமால் பாய் வந்தார். மைக்கைச் சரிசெய்து கொடுத்தேன். கூடவே என்னையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாய்க்குச் சேலம் கடைவீதியில் குடைக் கடை. அதோடு மெல்லிசைக் குழு. மழை பெய்தால் குடை விற்கும், பெய்யாவிட்டால் கச்சேரி நடக்கும். இரண்டில் ஒன்று நிச்சயம் என்பதால் மனிதர் எப்போதும் நிதானமாக இருந்தார். குழுவை நடத்துவதும் அக்கார்டியன் வாசிப்பதும் அவர்தான். வெள்ளை ஜிப்பா, தடித்த கண்ணாடி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி ஜிப்பா நுனியில் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் ரொம்ப நேரம் துடைப்பார்.

கச்சேரிக்கு முன்னால் ஒலியைச் சரிபார்க்க அவருக்கு ஒரு முறை இருந்தது. மண்டபத்தின் கடைசி வரிசையில், சுவரோரம், மேடைக்கு முதுகு காட்டி உட்காருவார். பாடகியைப் பாடச் சொல்லமாட்டார். "உங்க வீட்டு விலாசத்தை மைக்குல சொல்லும்மா" என்பார். அந்தப் பெண் கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் சொல்லுவாள். பாய் அதைக் காற்றில் விரலால் எழுதிப் பார்ப்பார். பின்கோடு தெளிவாக எழுத வந்தால் ஒலி சரி. "ராகம் இருக்கட்டும் தம்பி. மொதல்ல தபால் போய்ச் சேரணும்" என்பார்.

மேடையில் அவருடைய நிர்வாகம் முழுவதும் வலது கையில் இருந்தது. ஏதாவது ஒரு வாத்தியம் மேலோங்கினால் அக்கார்டியன் கட்டைகளிலிருந்து அந்தக் கை ஒரு கணம் விலகும். வாசிப்பவர் பக்கம் நீளும். உள்ளங்கை கீழ்நோக்கி ஒரே ஓர் அழுத்தம். நான் மிக்சரில் அந்த வாத்தியத்தின் பட்டனைக் கொஞ்சம் கீழே இழுக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கிடையாது, முன்னும் இல்லை பின்னும் இல்லை.

அந்தக் கைக்கு எங்கள் குழுவில் வேறோர் அர்த்தமும் இருந்தது. தபேலா ராஜு இருந்தபோது பாய் கை அவர் பக்கம் ஒரு கச்சேரியில் இறங்கியது. அடுத்ததிலும் இறங்கியது. அதற்கடுத்ததிலும். ராஜு ஒருநாள் பாயிடம் போய், கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். பாய் வாழ்த்தி, பிரியாணி போட்டு அனுப்பிவைத்தார். ராஜுவுக்கு முன்னால் ஒரு புல்லாங்குழலும் அப்படித்தான் போயிருக்கிறது என்று மூத்தவர்கள் சொன்னார்கள். வாயால் போ என்று சொல்ல மனம் வராத மனிதர் கையால் சொல்கிறார் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. யாரும் பாயிடம் கேட்டதில்லை. இதையெல்லாம் போய்க் கேட்பார்களா?

ஆரோக்கியம் குழுவுக்கு வந்தது ராஜு போன பிறகு. சேலத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் ஒயரிங் வேலை செய்துகொண்டு அங்கேயே குடியிருந்தான். கோயில் பாடகர் குழுவில் கிட்டார் பழகியவன். ராக் இசை அவனுக்கு லாரியில் வந்தது. பம்பாய் லைன் ஓட்டும் டிரைவர் ஒருவர் கொண்டுவந்து பட்டறையில் விட்டுப்போன கேசட்டுகள். "பாட்டுல என்ன சொல்றான்னு ஒண்ணும் வெளங்கலீங்ணா. நடுவுல கிட்டார் வரும்பாருங்க, அது மட்டும் தமிழ்ல இருந்துச்சு" என்பான். அந்தக் கிட்டார்காரர்களின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் யார் பெரியவர் என்று சண்டை வரும். எனக்கு அந்தச் சண்டை சரியாகக் கேட்காது.

அவனுடைய ஆம்ப்ளிபயர் எருமப்பட்டிப் பக்கம் மூடிப்போன ஒரு டூரிங் டாக்கீஸிலிருந்து வந்தது. கண்ணாடி வால்வு வைத்த பழைய காலத்துப் பெட்டி. ஒரு காலத்தில் கதாநாயகர்களின் வசனத்தை முழங்கியது, இவன் கையில் கிட்டாருக்கு வாழ்க்கைப்பட்டது. நாங்கள் அதை இட்லிப் பானை என்போம். சூடேற நேரம் எடுக்கும். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது. வெந்ததா என்று வாசனையை வைத்துத்தான் சொல்ல முடியும். வால்வுகளின் மேல் படிந்த தூசி கருகி ஒரு வாசனை வரும். அப்போது ஆரோக்கியம் கிட்டாரை எடுப்பான்.

அந்தப் பெட்டியின் முன்னால் மைக் வைப்பது தனி வேலை. ஸ்பீக்கரின் நடுவில் வைத்தால் ஒலி ஊசியாகக் குத்தும். ஓரத்தில் வைத்தால் போர்வைக்குள் பேசுவது மாதிரி மந்தமாகிவிடும். இரண்டுக்கும் இடையில் ஒரு விரல்கடை இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அவனை மெதுவாக வாசிக்கச் சொல்லிவிட்டு நான் குனிந்து, ஸ்பீக்கர் முன்னால் காதை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பேன். காது எங்கே சுகப்பட்டதோ அங்கே மைக். சில்வண்டு அந்த வழியாகத்தான் உள்ளே வந்திருக்க வேண்டும். வந்த வழியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

எருமப்பட்டியில் நடந்த ஒரு மாலைக் கச்சேரியில் கரண்ட் மிகவும் குறைந்து, குழல்விளக்குகள் கண் சிமிட்டின. சுற்றிலும் தோட்டங்களில் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் படித்தவன் அல்லவா, பெருமையோடு ஒரு ஸ்டெபிலைசரைக் கொண்டுபோய் இட்லிப் பானைக்கு மாட்டினேன். ஆரோக்கியம் இரண்டு சுரம் வாசித்துவிட்டு முகம் வாடிப் போனான்.

"ஏனுங்ணா, என்ன பண்ணுனீங்க?"

"கரண்ட் கம்மியா இருந்துச்சு. சரி பண்ணியிருக்கேன்."

"கழட்டிருங்க சாமி. அது பசியில இருந்தாத்தான் பாடுது. நீங்க சோறு போட்டுட்டீங்க."

கழற்றினேன். அன்று கேட்டதுதான் நஸ்ரின் தேடும் ஒலி. போதிய கரண்ட் கிடைக்காத வால்வு, அவன் அழுத்தி மீட்டியதும் முதலில் ஒரு படி தணிகிறது. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு எழுகிறது. கொஞ்சம் கரகரப்பு உண்டு. ஆனால் அழுது முடித்தவர் குரலில் இருக்குமே, அந்தக் கரகரப்பு. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், "இங்க கரண்டு எப்படிங்க?" என்று அவன் ஆசையாக விசாரிப்பதும், மண்டபத்துக்காரர் "நல்லா இருக்குங்க" என்று சொன்னதும் இவன் சோர்ந்துபோவதும் வழக்கமாயிற்று.

ஆனால் பெட்டி பாதிதான். மீதி அவன் இடது கையின் மோதிர விரல்.

கிட்டார் தந்தியை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் சுரம் மேலே ஏறும். எல்லாரும் தள்ளுவார்கள். பலர் மாடிப்படியில் ஓடி ஏறுகிறவர்களைப் போல ஏறி, மேலே போய் மூச்சிரைப்பார்கள். ஆரோக்கியம் அடுத்த சுரத்தின் வாசல்வரை போய் அங்கே நிற்பான். உள்ளே போகலாமா, ஏதாவது நினைத்துக்கொள்வார்களா என்று தயங்குவான். கேட்கிற நமக்கு, போயேன் என்று இருக்கும். அதற்கப்புறம்தான் காலெடுத்து வைப்பான். உள்ளே போனதும் அந்தச் சுரத்தை ஓர் ஆட்டு ஆட்டுவான் பாருங்கள், தூங்கிப்போன குழந்தையின் தூளியைக் கடைசியாக ஆட்டுவது போல, அகலமாக, மெதுவாக. வேகமாகவும் அவனுக்கு வாசிக்க வரும். ஒருதரம் கேட்டேன், ஏன் வாசிப்பதில்லை என்று. "வேகமாப் பேசுனா பொய் சொல்றாப்ல இருக்குதுங்ணா" என்றான். வாசிக்கும்போது வாய் தானாகத் திறந்து, சத்தமில்லாமல் அதே சுரங்களைப் பாடும். வாய் மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் கிட்டாரும் நிற்கும்.

ஒரு திருமணத்தில் நாதஸ்வரக்காரர் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து அவன் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதுல சீவாளி எங்க இருக்குது?" என்று கேட்டார். கேலி இல்லை, நாதஸ்வரத்தில் வாய்வைத்து ஊதும் அந்த நாணல் துண்டை உண்மையாகவே தேடினார். ஆரோக்கியம் அதைவிடப் பெரிய விருது எதுவும் வாங்கியதில்லை.

இவ்வளவும் கேட்டது யார் என்கிறீர்கள்? காலி நாற்காலிகள். வரவேற்பு நிகழ்ச்சியில் முதல் பந்திக்கு அழைப்பு வந்ததும் கூட்டம் எழுந்து போய்விடும். பாடகிக்கும் ஓய்வு வேண்டும். அந்த இடைவெளியைப் பாய் ஆரோக்கியத்துக்குக் கொடுத்திருந்தார். பந்தி நேரம் என்றே அதற்குப் பெயர். சினிமாப் பாட்டின் இடையிசையில் அடங்கி ஒடுங்கி வாசித்தவன் அந்தக் கால்மணி நேரம் மட்டும் தன் இஷ்டத்துக்கு வாசிக்கலாம். அவனுக்குப் போட்டி, வடையும் பாயசமும். சாப்பாட்டுக்கூடத்து வாசலில் சில நேரம் ஓரிருவர் கழுவிய கை காயாமல் நின்று கேட்பார்கள். அவர்களைப் பார்த்துவிட்டால் போதும், அவன் காது சிவந்துவிடும். அவனுக்கு வாழ்க்கையில் வாசிக்க இருந்த இடம் அது ஒன்றுதான். பட்டறையில் ஒயரிங், கோயிலில் தாளம் தட்டும் அளவுக்குக் கிட்டார், வீட்டில் பிள்ளைகளின் பரீட்சை. பந்தி நேரத்துக்காகவே வாரம் முழுக்க நடமாடினான்.

அந்த மோதிர விரல்தான் மடங்கத் தொடங்கியது. சர்க்கரை இருந்தது அவனுக்கு. அதோடு பட்டறையில் குறடு பிடித்த கை. மடக்கினால் விரல் பூட்டிக்கொள்ளும். மற்ற கையால் பிரித்தால் 'டக்' என்று திறக்கும். அவன் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது காதால். வாசல்வரை போய்த் தயங்கும் அந்தச் சுரம், இப்போது தயங்கியபடியே நின்றுவிட்டது. உள்ளே போகவில்லை. ஒரு நூல் இறக்கமாகவே தொங்கியது. அவன் வாய் மட்டும் சரியான சுரத்தைப் பாடியது.

அடுத்த கச்சேரியில், பந்தி நேரத்தில், பாய் கை ஆரோக்கியத்தின் பக்கம் நீண்டது. உள்ளங்கை கீழே ஓர் அழுத்தம். நான் குறைத்தேன். எதிர்ச் சுவரில் மோதித் திரும்பும் தன் ஒலி மெலிந்ததை ஆரோக்கியம் உடனே கேட்டிருப்பான். நிமிர்ந்து பாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அதற்கடுத்த கச்சேரியிலும் கை இறங்கியது. மூன்றாவது முறை கை இறங்கியபோது அவன் பாய் பக்கம் திரும்பவே இல்லை. தானே பாதியில் நிறுத்திவிட்டு ஒயரைச் சுருட்டினான்.

இரண்டு நாள் கழித்து அவன் மனைவி ஸ்டெல்லா எனக்குப் போன் செய்தாள்.

"ஏனுங்ணா, பாய் எங்க ஊட்டுக்காரரை நிறுத்திப்போட்டாருங்களா?"

"அப்படி யாரும் சொல்லலையேம்மா."

"சொல்ல மாட்டாராமுல்லங்க. கைதான் சொல்லுமாம். கிட்டாரைப் பொட்டிக்குள்ள வெச்சு, மச்சு மேல தூக்கிப் போட்டுட்டாரு. பாய்கிட்ட ஊருல வேற வேலைன்னு சொல்லிப்போட்டு வாரேன்னு கெளம்புறாரு. நான்தான் செருப்பை ஒளிச்சு வெச்சிருக்கேன். எத்தனை நாளைக்குங்ணா ஒளிச்சு வெக்கறது?"

நான் குடைக் கடைக்குப் போனேன். பாய் ஒரு குடையை விரித்து, கம்பி நேராக இருக்கிறதா என்று உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வரும். அன்று வரவில்லை.

"பாய், ஆரோக்கியத்தை எடுத்துரணும்னா வாயாலயே சொல்லிருங்க. பாவம் பாய் அவன்."

குடை கீழே இறங்கியது. "யாரு எடுக்கறது?"

"மூணு கச்சேரியா கை கீழ போகுதே பாய்."

"அவன் விரலு சொல் பேச்சுக் கேக்கல தம்பி. சுதி எட்டல. உங்க காதுக்குக் கேட்டுச்சா இல்லையா? என் காதுக்குக் கேட்டுச்சு. நாளைக்கு எவனாவது அவனைப் பார்த்துச் சிரிச்சுட்டா? அதான் கொஞ்சம் மூடி வைங்கன்னு சொன்னேன்."

எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. அங்கிருந்த ஒரே முக்காலியில் குடைகள் இருந்தன.

"பாய், உங்க கை கீழ போனா வெளிய போன்னு அர்த்தம். ராஜுவை அப்படித்தானே அனுப்புனீங்க?"

"ராஜுவையா? அவன் தபேலா சத்தமா இருந்துச்சு, கொறைக்கச் சொன்னேன். அவனுக்குத்தான் கோயமுத்தூர்ல வேலை கெடச்சுதே."

"அவர் கோயமுத்தூர் போகவே இல்ல பாய். அயோத்தியாப்பட்டணத்துல டீக்கடை வெச்சிருக்காரு."

"நான் பிரியாணி போட்டு அனுப்புனேனேப்பா!"

"அதைப் பார்த்துத்தான் பாய் எல்லாரும் உறுதியா நம்புனோம்."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாடிக்கையாளர் வந்து பெண்கள் குடை கேட்டார். பாய் ஆண்கள் குடையை எடுத்துக் கொடுத்தார். அவர் போனதும், "அந்தப் புல்லாங்குழல்?" என்று மட்டும் கேட்டார். அதுவும் அப்படித்தான் என்று தலையாட்டினேன். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, "வாங்க, நாமக்கல் போவோம்" என்று எழுந்தார்.

ஸ்டெல்லா எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். ஆரோக்கியம் சுவரைப் பார்த்தபடி நின்றான். பாய் தொண்டையைச் செருமினார். பஸ்ஸில் வரும்போது ஏதோ ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தார். அதெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"ஞாயித்துக்கெழமை ராசிபுரம். வரவேற்பு. வேன் மத்தியானம் கெளம்பும்" என்றார்.

"எனக்கு ஊருல வேற வேலை இருக்குதுங்க பாய்."

"ஒரு வேலையும் இல்லீங்க" என்றாள் ஸ்டெல்லா. "பாய், நான் கேட்டுடறேன். கை கீழ போனா ஆளு வெளியன்னு உங்க குழுவுல அத்தனை பேருக்கும் தெரியுது. உங்களுக்கு மட்டும் தெரியாதுங்களா?"

"தெரியாதும்மா. இன்னிக்குக் காலையிலதான் தெரியும்" என்றார் பாய். அவர் குரல் எப்போதையும்விடத் தாழ்ந்திருந்தது. அந்தக் குரலில் பின்கோடு சொன்னால் தபால் போய்ச் சேராது.

ஆரோக்கியம் இப்போது திரும்பினான். இடது கையை நீட்டி விரலை மடக்கினான். பூட்டிக்கொண்டது. மற்ற கையால் பிரித்தான். 'டக்' என்ற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"இதைப் பாருங்க. இந்த வெரலுக்கு எரக்கப்பட்டுக் கூப்புட வந்தீங்கன்னா வேண்டாமுங்க பாய். நான் வாரதா இல்ல."

"எரக்கப்பட்டப்பதான் கொறைச்சேன்" என்றார் பாய். "இப்பக் கூட்டலாம்னு வந்திருக்கேன்."

ஸ்டெல்லா போய் அவன் செருப்பை எடுத்து வந்து வாசலில் போட்டாள்.

ராசிபுரத்தில் பட்டு நெசவுக் குடும்பத்துக் கல்யாணம். பந்திக்கு அழைத்ததும் நெய் வாசனை மேடைவரை வந்தது. அந்த வாசனையை எதிர்த்து எந்தக் கலைஞனும் ஜெயிக்க முடியாது. நாற்காலிகள் காலியாயின. பாய் அக்கார்டியனைத் தோளிலிருந்து கழற்றி வைத்தார். மேடையை விட்டு இறங்கினார். நடந்துபோய்க் கடைசி வரிசையில், சுவரோரம் உட்கார்ந்தார். இந்த முறை முகத்தை மேடைப் பக்கம் வைத்துக்கொண்டார். நான் ஆரோக்கியத்தின் பட்டனை, அதுவரை அது போகாத உயரத்துக்கு ஏற்றினேன்.

பூட்டாத விரல்களை வைத்து வாசித்தான். முன்பு பத்துச் சுரம் இருந்த இடத்தில் இரண்டு வைத்தான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வாய் திறந்து பாடிப் பார்த்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் பழக்க தோஷத்தில் மோதிர விரல் தந்தியைத் தள்ளியது. வாசல்வரை போனது. நடு விரலையும் ஆள்காட்டி விரலையும் பின்னால் முட்டுக் கொடுத்து அதை உள்ளே தள்ளினான். சுரம் எட்டியது. அந்த இடத்தில் விரல் பூட்டிக்கொண்டது.

எடுக்க முடியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. தந்தி அழுந்தியபடியே நிற்கிறது, சுரம் நிற்காமல் போகிறது. வேறொருவராக இருந்தால் வலது கையால் தந்தியை அடைத்திருப்பார். ஆரோக்கியம் மெதுவாகத் திரும்பி, கிட்டாரை இட்லிப் பானைக்கு நேராகக் காட்டினான். பெட்டியின் ஒலி தந்தியை உலுக்க, தந்தி பெட்டிக்குத் திருப்பிக் கொடுக்க, தேய்ந்துகொண்டிருந்த சுரம் தேய்வதை நிறுத்தியது. தடித்தது. பிறகு அதற்குள்ளிருந்தே மேல் ஸ்தாயியில் இன்னொரு குரல் பிரிந்து வந்தது. முதல் குரல் கேட்ட கேள்விக்கு எங்கோ தூரத்திலிருந்து பதில் சொல்வது போல. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. சாப்பாட்டுக்கூட வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் கையில் பாதி கடித்த ஜாங்கிரி. பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டார், உள்ளே யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் வலது கையால் விரலைப் பிரித்தான். சுரம் சின்னதாக முனகிவிட்டு அணைந்தது. அணைந்த பிறகு இருந்த அமைதியையும் அவன் அவசரமாக மூடவில்லை. கைதட்டல் எல்லாம் பெரிதாக இல்லை, பாதிப் பேருக்குக் கை எச்சில். கடைசி வரிசையில் பாய் உட்கார்ந்தே இருந்தார். ஜிப்பா நுனி கண்ணாடியில் இல்லை, கண்ணில் இருந்தது.

பந்தி முடிந்து கூட்டம் திரும்பியது. பாடகி பாடத் தொடங்கினாள். பாய் மேடையேறி அக்கார்டியனை மாட்டிக்கொண்டார். நான் இருந்த நிலையில் ஆரோக்கியத்தின் பட்டனை இறக்க மறந்துவிட்டேன். கிட்டார் பாடகியை விழுங்கியது. பாயின் வலது கை, வருடக்கணக்கான பழக்கத்தில், தானாக நீண்டது. ஆரோக்கியத்தின் பக்கம். உள்ளங்கை கீழே அழுத்தியது.

ராஜுவுக்குப் பின் வந்த தபேலா ஓர் அடியைத் தவறவிட்டது. பாடகி திரும்பிப் பார்த்தாள். நான் பட்டன் மேல் விரலை வைத்தபடி உறைந்துபோனேன். பாய் தன் கையைத் தானே பார்த்தார், ஏதோ அடுத்தவர் கை மாதிரி. பாட்டின் நடுவிலேயே பாடகியின் மைக்கை இழுத்துத் தன் வாயருகே வைத்துக்கொண்டார்.

"ஆரோக்கியம், கிட்டாரு கொஞ்சம் கம்மி. வேற ஒண்ணும் இல்ல. அடுத்த வாரமும் வரணும். அதுக்கடுத்த வாரமும் வரணும்."

மண்டபம் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. முன்வரிசையில் இருந்த மணப்பெண்ணின் மாமா எழுந்து, "அடுத்த வாரம் எங்க ஊட்டுல விசேசம் ஒண்ணும் இல்லீங்களே பாய்!" என்றார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

நான் பட்டனை இறக்கப் போனேன். தேவைப்படவில்லை. ஆரோக்கியம் பாயைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கிட்டாரில் இருந்த குமிழைத் தானே கொஞ்சம் திருப்பிக் குறைத்துக்கொண்டு, பாட்டில் தன் இடம் வரக் காத்திருந்தான்.